லீலாவதி முகர்ந்து வாங்கிய சுருட்டு

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதில்லை. அலுவலகத்தில் என் மேலதிகாரியான லீலாவதியுடையது. போன ஏப்ரலில் ஒரு மதியம், லோதி ரோடில் எங்கள் செக்‌ஷனில் எல்லோரும் டிபன் டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தபோது, அவர் என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ கதை எழுதறவன்தானே. தில்லியில நல்ல சுருட்டு எங்க கிடைக்கும்? கியூபா சுருட்டு. இனிப்பா இருக்கணும். ஆனா சர்க்கரை, எசன்ஸ் எதுவும் சேத்திருக்கக் கூடாது. இலையிலேயே இருக்கற இனிப்பு."

கதை எழுதுகிறவனுக்குச் சுருட்டு பற்றித் தெரிந்திருக்கும் என்று அவர் ஏன் நினைத்தார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் எழுதியது மொத்தம் பதினோரு கதைகள். அவற்றில் ஒருவர்கூடப் புகைப்பதில்லை.

லீலாவதிக்கு ஐம்பத்தேழு வயது. கும்பகோணத்துக்காரர். தில்லிக்கு வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சட்டையில் பீடி வாசனை அடித்தால் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்துவிடுவார். மூக்கு அப்படி. காரிடாரில் நின்றபடியே யார் டப்பாவில் என்ன குழம்பு, அது இன்றையதா நேற்றையதா என்று சொல்லிவிடுவார். அவர் வந்து சுருட்டு கேட்டால் எவனும் கதை எழுதத்தான் செய்வான்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

ஹவானாவின் மாலை வெயிலில் ஒரு புகையிலை இலை மெல்லத் தன்

(வேண்டாம். நான் ஹவானா போனதில்லை. குர்காவ்ன் போவதே அபூர்வம்.)

அவளுடைய கடந்த காலத்தின் மீது ஒரு சுருட்டுப் புகை

(இதுவும் வேண்டாம். அவருக்கு அப்படிப்பட்ட கடந்த காலம் எதுவும் இல்லை. தவிர, மேலதிகாரியை 'அவள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.)

நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் வழி.

3

லீலாவதியின் மகள் வைஷ்ணவி நொய்டாவில் ஒரு செய்திச் சேனலில் வேலை பார்க்கிறாள். குர்காவ்னில் ஐடி கம்பெனியில் இருக்கும் ப்ரசன்னாவை அவளுக்குப் பிடித்திருந்தது. ப்ரசன்னாவின் அப்பா ஆல்பர்ட், தூத்துக்குடிக்காரர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஜனக்புரியில் வீடு. இவர்கள் இந்து, அவர்கள் கிறிஸ்தவர். அதில் லீலாவதிக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. பிலாயில் உருக்காலை வேலையில் இருக்கும் அவர் கணவரும் போனில், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

மார்ச் மாதம் ஆல்பர்ட்டும் மகனும் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குப் பேச வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நடுவில் ஆல்பர்ட் எழுந்து பால்கனிக்குப் போய், கறுப்பாகக் கட்டை விரல் தடிமனில் ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. புகை நேராகக் கூடத்துக்கு வந்தது. லீலாவதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக் கதவருகே போய்ச் சொன்னார்:

"இதெல்லாம் எங்க வீட்டுக்கு ஒத்துவராதுங்க."

ஆல்பர்ட் சுருட்டை அணைத்தார். "சரிங்க" என்றார். மகனை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லீலாவதி சொன்னது புகையை. ஆல்பர்ட் காதில் விழுந்தது தம் மகன், தம் மதம், தம் குடும்பம் எல்லாம். 'இது' என்று சொல்லியிருந்தால் கதையே கிடையாது. 'இதெல்லாம்' என்று சொன்னதால் ஐந்து வாரம் அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. பிள்ளைகள் இருவரும் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். ஆல்பர்ட் கோபப்படவில்லை, பேசவும் இல்லை. வைஷ்ணவி அம்மாவிடம் சண்டை போடவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அதுதான் லீலாவதியை உலுக்கியது.

நீங்களே ஒரு போன் செய்து விளக்கிவிடலாமே என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"நான் சொன்னது சுருட்டைத்தான்னு இப்ப போன் பண்ணிச் சொன்னா, சமாளிக்கற மாதிரிதான் இருக்கும். எங்க வீட்டுக்கு ஒத்துவர்ற ஒரு சுருட்டைக் கையில கொண்டுபோய்க் கொடுத்தா நம்புவாரு இல்ல?"

4

இந்த இடத்தில் ஆல்பர்ட்டைப் பற்றி எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. முதல் வரைவில் அவரை முரட்டு மீசை வைத்த, ரோஷக்காரராக எழுதினேன். கதைக்கு அது வசதி. யாராவது ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் ஓடியாட முடியும். ஆனால் நிஜ ஆல்பர்ட்டுக்கு மீசையே இல்லை. ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். ஆகவே மீசையை எடுத்துவிட்டேன். ரோஷத்தையும்.

5

கனாட் பிளேஸில் ஒரு கடை இருந்தது. பெயர் வேண்டாம். சனிக்கிழமை பகலில் போனோம். உரிமையாளர் கன்னாவுக்கு எழுபது வயது இருக்கும். கைத்தறிப் புடவையும் தோளில் துணிப்பையுமாக ஒரு பெண்மணி உள்ளே வருவதைப் பார்த்து, பக்கத்துக் கடைக்கு வழி கேட்க வந்திருப்பார் என்று நினைத்து, கேட்காமலே வழி சொன்னார். லீலாவதி தாம் வந்த விஷயத்தை ஹிந்தியில் சுருக்கமாகச் சொன்னார். பால்கனி, புகை, மகள், எல்லாம். கன்னா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உள்ளே ஒரு கண்ணாடி அறை. சுருட்டு காய்ந்துவிடாமல் இருக்க எப்போதும் மெல்லிய ஈரக்காற்று. நுனியில் இனிப்புத் தடவியவை, வெனிலா சேர்த்தவை எல்லாம் வேறு ரகம் என்று கன்னா விளக்கினார். அவற்றில் ஒன்றை நீட்டியபோது லீலாவதி, "ஊதுபத்தி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல கியூபச் சுருட்டில் எதுவும் சேர்ப்பதில்லையாம். இலையைப் பதமாக உலர்த்தி, குவித்துப் புழுங்கவைத்து, பிறகு தேவதாரு மரப் பெட்டியில் வருடக்கணக்கில் கிடக்கவிட்டால் காரம் அடங்கி இனிப்பு தானாக மேலே வருமாம்.*

லீலாவதி கண்ணை மூடி ஒவ்வொன்றாக முகர ஆரம்பித்தார். கன்னா நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். வாசனை என்று வந்தால் லீலாவதிக்குத் தமிழ்தான் வாயில் வரும், ஆகவே நான் மொழிபெயர்த்தேன்.

முதல் பெட்டி: மிளகு ரசம். இரண்டாவது: மாட்டுக் கொட்டகை. (நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். ஆனால் கன்னா துள்ளிவிட்டார். தேர்ந்தவர்கள் அதற்குச் சொல்கிற வார்த்தையே அதுதானாம்.) மூன்றாவது: பட்டுப்புடவை வைக்கிற பீரோ. நான்காவது: நேற்றைய டிகாக்‌ஷன். ஆறோ ஏழோ ஆன பிறகு கன்னா மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். போர் லாரனாகா என்று எழுதியிருந்தது. லீலாவதி முகர்ந்தார். பெட்டியைக் கீழே வைக்காமல் மறுபடி முகர்ந்தார். நான் பயந்துவிட்டேன்.

"பால்கோவா" என்றார் கடைசியில். "அடிப்பிடிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி."

ஹிந்தியில் சொன்னேன். கன்னா பேனாவைக் கீழே வைத்தார். எல்லாப் புத்தகத்திலும் காரமல் என்றுதான் போட்டிருக்கிறார்கள், நாற்பது வருடமாக நானும் அதையே சொல்லி விற்கிறேன், என்றார். அவர் கண்கள் பளபளத்தன. இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை.

ஆனால் லீலாவதி அதோடு விடவில்லை. பச்சையாக முகர்ந்தால் போதுமா, எரிந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். கன்னா கடைக்குப் பின்னால் திறந்தவெளிக்கு அழைத்துப்போய் அதே பெட்டியிலிருந்து ஒன்றைத் தமக்காகப் பற்றவைத்தார். லீலாவதி முதலில் பத்தடி தள்ளி நின்றார். பிறகு ஆறடி. பிறகு கைக்கெட்டும் தூரம். முந்தானை மூக்குக்குப் போகவில்லை.

"இது ஒத்துவரும்" என்றார்.

(விலையை எழுத மாட்டேன். கேட்டதும் அவர் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான்.)

* புகை பிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு. சினிமாவில் வருவதுபோல இந்த வாக்கியம் கதை நெடுக ஓரத்தில் ஓடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

6

மறுநாள் காலை ஆர்.கே.புரத்தில் மெட்ரோ ஏறினோம். துணைக்கு வா என்று என்னையும் அழைத்திருந்தார். மகளிடம் சொல்லவில்லை. பாதுகாப்புச் சோதனையில் ஒரு பெண் காவலர் பையில் இருந்த சின்ன மரப்பெட்டியைத் தட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். சம்பந்திக்கு மிட்டாய் என்று லீலாவதி முகம் மாறாமல் சொன்னார்.

ஜனக்புரியில் ஆல்பர்ட் கைலியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே ஓடிச் சட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டபடி திரும்பி வந்தார். "வாங்க மேடம்" என்றார். லீலாவதி உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது அந்தப் புகையைங்க. உங்களை இல்ல. தம்பியை இல்ல. உங்க கோயிலையும் இல்ல." பெட்டியை நீட்டினார். "இது எங்க வீட்டுக்கு ஒத்துவரும். நானே மோந்து பாத்து வாங்கினேன்."

ஆல்பர்ட் பெட்டியைத் திறந்து முகர்ந்தார். சுருட்டைச் சுற்றியிருந்த தங்கப் பட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அவர்தான் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றார். "நான் வருஷத்துக்கு ஒண்ணுதான் பிடிப்பேன். அன்னைக்கு வெளிய வந்தது பயத்துல, பாத்துக்கிடுங்க. பெஞ்சாதி இருந்தா அவ பேசியிருப்பா. உங்க முன்னாடி என்ன பேசன்னே எனக்குத் தெரியல. அதான் பத்த வச்சேன்."

லீலாவதி சிரித்துவிட்டார். ஐந்து வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆல்பர்ட்டும் சிரித்தார். பிறகு இருவரும் நிறுத்தவில்லை. பனியனுக்கு மேல் கோணலாக மாட்டிய சட்டையோடு அவர் டீ போட்டார். நாங்கள் குடித்து முடிப்பதற்குள் டிசம்பரில் தேதி குறித்தாகிவிட்டது: காலையில் மலை மந்திர் முருகன் கோயிலில் தாலி, மாலையில் தேவாலயத்தில் ஆசீர்வாதம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே விருந்து. லீலாவதி மகளுக்குப் போன் போட்டு, எதுவும் சொல்லாமல், போனை ஆல்பர்ட்டிடம் கொடுத்தார். ஆல்பர்ட் "மருமவளே" என்றார். அந்தப் பக்கமிருந்து வைஷ்ணவி கத்தியது எனக்கே கேட்டது.

7

இங்கேயே முடித்திருக்கலாம். விருந்தில் முடிப்பதாக ஒன்று எழுதினேன். கன்னா திருமணத்துக்கு வந்ததாகவும், தம் கடைப் பட்டியலில் பால்கோவா என்ற வார்த்தையைச் சேர்த்ததாகவும் இன்னொன்று. வந்தது நிஜம். பட்டியல் கற்பனை.

ஆனால் அன்று ஜனக்புரியில் இன்னும் ஒரு விஷயம் நடந்தது. போன் பேசி முடித்ததும் ஆல்பர்ட் எங்களைப் பால்கனிக்கு அழைத்தார். சுருட்டின் தலையைச் சீராக வெட்டினார். தீக்குச்சியை அடியில் காட்டி, வாயில் வைக்காமலே, பொறுமையாகச் சுற்றிச் சுற்றிச் சுட்டார். விளிம்பு சிவந்தது. அதை அப்படியே லீலாவதி பக்கம் நீட்டினார்.

"மொத இழுப்பு நீங்கதான், சம்பந்தியம்மா."

அதற்குப் பிறகு நடந்ததை நான் நான்கு வரியில் எழுதியிருந்தேன். போன வாரம் வரைவைப் படிக்கக் கொடுத்தபோது, ஃபைலில் குறிப்பு எழுதுகிற அதே பச்சைப் பேனாவால் லீலாவதி அந்த நான்கையும் அடித்துவிட்டார். ஓரத்தில் எழுதியிருந்தார்: 'இது வரைக்கும் போதும். மிச்சத்தைப் படிக்கறவங்களே முடிவு பண்ணட்டும்.' மேலதிகாரியின் உத்தரவு.

எனவே அடிக்கப்படாமல் மிஞ்சிய வரியோடு உங்களிடம் ஒப்படைக்கிறேன். பால்கனியில் நல்ல வெயில். காற்று எங்கள் பக்கம்தான் வீசியது. லீலாவதி கைப்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார், பிறகு