கிணற்றடியில் ஊறிய படகு

எனக்கு வாய் நீளம். அதை நானே ஒத்துக்கொள்கிறேன்; அடுத்தவர்கள் சொன்னால்தான் கோபம் வரும். எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் கிடந்த ஓட்டைப் படகு எழுபத்தெட்டாம் வருடம் காவிரியில் இறங்கியதற்கு இந்த வாய்தான் காரணம்.

என் தம்பி கந்தவேலுக்கு அந்த மாசியில் பெண் நிச்சயம் செய்தார்கள். நான் பிறந்தது ஆற்றுக்கு அக்கரை. வாழ்க்கைப்பட்டது இக்கரை, மோகனூருக்குப் பக்கத்தில். எங்கள் தோட்டத்து வரப்பில் நின்று பார்த்தால் அம்மா வீட்டுத் தென்னைமரங்கள் தெரியும். ஆனால் பஸ்ஸில் போவதென்றால் மேற்கே எங்கள் பக்கத்து வேலூரில் இருக்கிற பாலத்தைச் சுற்றிக்கொண்டு அரை நாள் ஆகும். தண்ணீர் மட்டாக இருந்தால் பரிசலில் போய்விடலாம்.

நிச்சயத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் என் பெரியப்பா மகள் தெய்வநாயகி எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்: "கந்தவேலு கல்யாணத்துக்கும் இணைச்சீருக்கு நானே நின்னுக்கறேன். செல்லாயி அக்கா பஸ்ஸு எப்ப வருதோ அப்ப மொள்ள வரட்டும்."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு பிறந்தவளுக்கு உண்டான மரியாதை இந்த இணைச்சீர். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவள் கக்கத்தில் இருக்கும், மறு தலைப்பு மாப்பிள்ளை கையில் இருக்கும். ஊரே பார்க்க, கூடப்பிறந்தவள் இவள்தான் என்று நிற்கிற இடம் அது. அறுபத்தேழில் என் பெரியண்ணன் கல்யாணத்துக்கு நான் அப்படி நின்றிருக்க வேண்டும். எள் விற்ற காசில் அரக்கு நிறத்தில் கெட்டி நூல் சேலை ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். ஐப்பசி வெள்ளம் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. பரிசல் போடமாட்டேன் என்றுவிட்டார்கள். பஸ் ரோட்டையும் ஓடைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போயிருந்தது. அக்கரையில் அடித்த மேளம் எனக்குக் காதில் கேட்டது. என் இடத்தில் தெய்வநாயகி நின்றாள்.

நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். பதினோரு வருடமாக அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அந்தச் சேலையை அன்றைக்கு அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தவள், மறுபடி தொடவில்லை. தம்பி கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பந்தியில் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "எனக்கு எதுக்கு பஸ்ஸு? எங்க ஊட்டுல ஆத்துல ஓடற மோட்டார் போட்டே இருக்குது தெரியுமா உனக்கு? அதுல வந்து எறங்கறேன் பாரு. அதுல வரலீன்னா நீயே நின்னுக்க, நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்!"

எதிர் வரிசையில் என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்குப் புரை ஏறியது.

அவருக்கு ஏறாமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டு மோட்டார் போட்டின் லட்சணம் அவருக்குத்தானே தெரியும். அவர் இருபது வருடமாக நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு வெள்ளாட்டை விற்று எடுத்துக்கொண்டு போன பணத்துக்கு, மேட்டூர்ப் பக்கம் ஏதோ ஏலத்தில் என்ஜின் இல்லாத பழைய மரப்படகை வாங்கி, சும்மா திரும்பிய லாரியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். நான் எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாளிலிருந்து பேசினேன். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவர் நினைக்கும்படி பேசினேன். அந்தப் படகில் கோழி அடைகாத்தது. சுள்ளி போட்டு வைத்தேன். இரண்டு கோடை வெயில் அதன்மேல் காய்ந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் மெதுவாகக் கேட்டார். "ஏ புள்ள, நெசமாத்தான் சொன்னியா?"

"சொன்னது சொன்னதுதானுங்க. ஆவணில கல்யாணம். உங்க கைல என்ன இருக்குதுன்னு பார்த்தர்லாம்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

அடுத்த நாளே வேலை ஆரம்பித்துவிட்டது. புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். கிணற்றுக்கு கரண்ட் வந்ததிலிருந்து எங்கள் ஐந்து குதிரைசக்தி ஆயில் என்ஜின் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்தார். படகின் அடியில் சுழலும் இறக்கை நல்லபடியாகவே இருந்தது. அதையும் என்ஜினையும் ஒரு பழைய லாரி ஜாயிண்டை வைத்துச் சேர்த்தார். மக்கிப்போன பலகைகளை எடுத்துவிட்டு, பட்டறையில் மிஞ்சிய துண்டுப் பலகைகளை அறைந்தார். இடுக்கு தெரிந்த இடமெல்லாம் லாரிக்குப் பூசுகிற லப்பத்தை அப்பித் தேய்த்தார். அதன்மேல் லாரிக்கு அடித்து மீந்த பச்சையும் மஞ்சளும் அடித்தார். கைப்பழக்கம் விடுமா? பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியும்விட்டார். ஆற்றுக்குள் யார் வந்து ஒலி எழுப்பப்போகிறார்கள் என்று கேட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

"பிரேக்கு எங்கீங்க?"

"போட்டுக்கு பிரேக்கு கெடையாது. முன்னாலயே என்ஜின நிறுத்திப்போடோணும்."

வைகாசியில் நல்ல நாள் பார்த்து வண்டியில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோனோம். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டித் தள்ளினார்கள். தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், பலகை இடுக்கிலெல்லாம் ஊற்றெடுத்தது. காய்ந்து கட்டியாகியிருந்த லப்பம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து மிதந்தது. கரையோரத்தில் தண்ணீர் முழங்கால் ஆழம்தான். அதில் படகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. 'ஒலி எழுப்பவும்' மட்டும் மேலே தெரிந்தது. சிரிக்காத ஆள் இல்லை. பரிசல்காரர் தீர்த்தகிரி மட்டும் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, மேலே இழுத்து மறுபடி வண்டியில் ஏற்றக் கை கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கோடாலியை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனார். "லாரில இப்பிடி லப்பம் பூசுனா பத்து வருசம் அசையாது. இந்த மரமே தப்பு. வெறகுக்காவது ஆவட்டும்."

"கோடாலியக் கீழ வையுங்க," என்றேன். "வண்டிச்சக்கரம் வெயில்ல காஞ்சு ஆரமெல்லாம் ஆடுச்சுன்னா எங்கய்யன் என்ன பண்ணுவாரு தெரியுமா? உருட்டீட்டுப் போயித் தண்ணித் தொட்டில போட்டுருவாரு. மரம் ஊறி உப்புனா தானா இறுகிக்கும். இதும் மரந்தான? ரெண்டு வருசம் காஞ்சு கெடக்குது. உப்பறதுக்கு எடமே இல்லாம லப்பத்த அடைச்சா அது பேராம என்ன பண்ணும்?"

"லாரி பாடி கட்டறவனுக்கு வண்டிச்சக்கரக் கதை சொல்றியா நீயி?"

"சொல்றேன். நீங்க கட்டுன லாரி என்னிக்கு ஆத்துல மெதந்துச்சு?"

கோடாலியைக் கீழே வைத்தார். நான் உளியை எடுத்து லப்பத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவரும் இன்னொரு உளியோடு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

இடுக்கில் எதை அடைப்பது என்று தீர்த்தகிரியைக் கேட்டோம். "நூல்துணியத் திரியாட்டத் திரிச்சு, குங்கிலியத்த எண்ணெயில காச்சி அதுல தோச்சு அடிங்க. லேசா அடிங்க. துணி நயமா இருக்கோணும், ஆனா நைஞ்சதா இருக்கக் கூடாதுங்க," என்றார்.

வீட்டிலிருந்த பழைய வேட்டி, சேலையெல்லாம் தொட்டாலே கிழிகிற நைந்த துணி. திரித்து அடித்தால் பிசிராகப் போயிற்று. பாதிப் படகுகூட ஆகவில்லை. கடையில் புதுத்துணி வாங்கலாம் என்றால் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு முன்னால் நின்றது.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். அரக்குச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரே ஒரு நாள், அதுவும் ஆற்றங்கரை வரைக்கும் கட்டிய சேலை. கிழிக்க எனக்கு மனசே வரவில்லை, பொய் சொல்வானேன். எடுத்துக்கொண்டு வந்து, அவர் தடுப்பதற்குள் தலைப்பிலிருந்து நீளவாக்கில் கிழித்தேன். கிழிபடுகிற சத்தம் கேட்டு அவர் எழுந்தே விட்டார்.

"அடிப் பாவி! கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்தியே!"

"போய்ச் சேர்ந்தாத்தானுங்க கல்யாணம். திரியத் திரிங்க."

ஏழு நாள் உட்கார்ந்து அடித்தோம். பிறகு என்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு, படகைக் கிணற்றடிக்கு நகர்த்தி, நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து நிறுத்தி, கிணற்று மோட்டாரைப் போட்டு அதற்குள் தண்ணீரை விட்டேன். வாய்க்காலில் பாய வேண்டிய தண்ணீர் படகுக்குள் பாய்ந்தது. ஊர் திரண்டு வந்துவிட்டது. "ஏனுங்க செல்லாயி, அல்லாரும் தண்ணிக்குள்ள போட்ட உடுவாங்க. நீங்க போட்டுக்குள்ள தண்ணிய உடறீங்களே!" என்று கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "காசா பணமா, நல்லாச் சிரிங்க," என்றேன்.

முதல் நாள் உள்ளே விட்ட தண்ணீர் அத்தனையும் வெளியே ஓடியது. இரண்டாம் நாளும் ஓடியது. எனக்கே சந்தேகம் வந்தது, ஆனால் மோட்டாரை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் சொட்டாகச் சொட்டியது. ஐந்தாம் நாள் காலையில் அவர் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். முந்தின நாள் விட்ட தண்ணீர் விளிம்புவரை அப்படியே நின்றது. அடியில் மண் காய்ந்து கிடந்தது. அவர் குனிந்து பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, கையை எடுத்து என்னிடம் நீட்டினார். ஈரமே இல்லை. நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை, என் வாயை நான் அடக்கியது அன்றைக்கு ஒரு நாள்தான். கல்யாணம் வரைக்கும் அதைக் காயவிடாமல் தினமும் தண்ணீர் விட்டு வைத்தேன்.

ஆவணியில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர். அன்று காலையில் தண்ணீரை இறைத்து, என்ஜினைப் பூட்டி, படகை வண்டியில் ஆற்றுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால், மேட்டூரில் கூடுதலாகத் தண்ணீர் திறந்துவிட்டு ஆறு இழுத்துக்கொண்டு போகிறது. பரிசலையெல்லாம் கரையில் கவிழ்த்துவிட்டார்கள். அதே கரை, அதே மேளச்சத்தம்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது," என்றார் அவர்.

"நீங்க கட்டுன போட்டு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?"

"நீ கட்டுனது மேல இருக்குது," என்று சொல்லிவிட்டு என்ஜினைச் சுற்றினார். தீர்த்தகிரி மூங்கில் கழியோடு தானாகவே வந்து ஏறிக்கொண்டார். "பிரேக்கு இல்லாத வண்டி பாருங்க," என்றார்.

டுக்கு டுக்கு டுக்கென்று கிணற்றடியில் கேட்ட அதே சத்தம், இப்போது ஆற்றுக்கு நடுவில் கேட்டது. தண்ணீர் பக்கவாட்டில் இழுத்தது. அவர் படகின் மூக்கை மேற்கே, தண்ணீர் வருகிற பக்கம் வைத்துக்கொண்டு குறுக்கே ஓட்டினார். நான் கரையைப் பார்க்கவில்லை, காலடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுக்கு ஒவ்வொன்றிலும் அரக்கு நூல் பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. எனக்கு இருந்த பெருமைக்கு எழுந்து நின்று ஆடியிருப்பேன், படகு கவிழ்ந்துவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

கரை நெருங்கியதும் என்ஜினை நிறுத்தினார். ஆனாலும் வந்த வேகத்தில் நாணல் புதருக்குள் பாதிப் படகு ஏறிவிட்டது. சத்தம் கேட்டுக் கல்யாண வீட்டு ஒறம்பரை சனம் முழுக்க ஆற்றங்கரைக்கு வந்திருந்தது. முன்னால் தெய்வநாயகி புதுச்சேலை சரசரக்கத் தயாராக நின்றாள். "வந்துட்டேன் சாமி," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்றைக்கு மணவறையில் கூறைச்சேலையின் தலைப்பைக் கக்கத்தில் இடுக்கி நின்றபோது, மறு தலைப்பைப் பிடித்திருந்த தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கண் மறைத்தது. சீர் முடிந்ததும் அம்மா பக்கத்தில் வந்து என் சேலையைப் பிடித்துப் பார்த்தாள். "ஏங் கண்ணு, அந்த அரக்குச் சேலையக் கட்டீட்டு வாரேன்னியே, எங்க?"

"ஆத்தங்கரைல இருக்குது. வா, காட்டறேன்."

இருட்டுவதற்குள் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பெரியண்ணனும் பத்துப் பேரும் படகைச் சுற்றி நின்றார்கள். "ஒரு சொட்டு ஒழுகாம எப்பிடிங்க மாப்ளே கட்டுனீங்க?" என்று பெரியண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வருவதை என் வீட்டுக்காரர் பார்க்கவில்லை. "பாடி கட்டுனது மட்டுந்தானுங்க நானு," என்றார். "நான் கட்டுனது முழுகிப்போச்சு. மெதக்க வெச்சது உங்க தங்கச்சி."

இருபது வருடக் குடித்தனத்தில் நாலு பேர் முன்னால் அந்த மனிதர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அம்மா குனிந்து பலகை இடுக்கை விரலால் தடவிக்கொண்டே போனாள். அரக்கு நூல் தெரிந்த இடத்தில் நின்றாள். "பதினோரு வருசத்துக்கப்பறம் ஆத்தத் தாண்டி வந்திருச்சு," என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பின்னாலேயே தெய்வநாயகியும் வந்திருந்தாள். ரொம்ப நேரம் பச்சையையும் மஞ்சளையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அக்கா, என்னையும் ஒருக்கா இதுல கூட்டீட்டுப் போவியா?" என்று கேட்டாள்.

நான் கையை நீட்டினேன். "காலைல முகூர்த்தம் முடிஞ்சதும் வா, கூட்டீட்டுப் போறேன். புதுச்சேலையவே கட்டீட்டு வா, நனையாது."