எல். அந்தோனிப்பிள்ளை, கோல் கீப்பர்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு எங்கள் அணி ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கியது. அடித்த கோல்களைப் பற்றிக் கேட்காதீர்கள். லண்டனில் கோடை வந்தால் போதும், யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் உதைபந்தாட்டப் போட்டிக்கு வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிடும். பெரிய கல்லூரிகள் இரண்டு அணி, மூன்று அணி விடும். எங்கள் வேலம்பிட்டி மகா வித்தியாலயம் என்றால் மட்டும், "அது எங்க கிடக்கு?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பந்தைத் தொட்டவனல்ல. என் தொண்டைதான் விளையாடியது. படிக்கிற காலத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கத்துவேன். எங்கள் பள்ளிக்கூடம் ஆடிய ஒரு மாச்சையும் தவறவிட்டதில்லை என்று நான் குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டில் என்னிடம் அகப்பட்ட எல்லோரிடமும் பீற்றியிருக்கிறேன்.

லண்டனில் அணிக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. தொண்ணூற்று நாலாம் ஆண்டு சித்திரையில் எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர்தான் தேறினார்கள். கோல் காக்க ஆளில்லை. 'பழைய மாணவர் பதினொருவர் இல்லாத அணிக்கு இந்த வருடம் இடமில்லை' என்று போட்டிச் செயலாளர் பரமேஸ்வரன் கடிதம் போட்டுவிட்டார். 'வேலம்பிட்டி அணிக்குக் கோல் கீப்பர் தேவை' என்று எழுதி, என் முகவரியையும் ஞாயிறு பயிற்சி நடக்கும் பார்க்கையும் குறித்துத் தமிழ்க் கடைகளில் ஒட்டினேன். நாலாம் நாள் அப்டன் பார்க்கிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது.

'எல். அந்தோனிப்பிள்ளை. 1976 முதல் 79 வரை கல்லூரி அணியின் கோல் கீப்பர். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.'

அந்த வருடங்களில் கோல் காத்தவன் சின்னராசா அல்லவா? இவன் மாற்று ஆளாக இருந்திருப்பான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் அணியின் பெயரில் அர்ச்சனை செய்வித்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். என்னுடையதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை நாங்கள் பயிற்சி எடுக்கும் பார்க்குக்கு, தலை எண்ணுவதற்கென்றே பரமேஸ்வரன் வந்து நின்றார். தன் கல்லூரியில் பெரிய முன்வரிசை ஆட்டக்காரராக இருந்தவர். சற்று நேரத்தில் நீலச் சட்டையும் காற்சட்டையுமாக, கொண்டையை இறுக்கி முடிந்த ஒரு பெண் வந்தாள்.

"நான் லூர்தம்மா. லூர்தம்மா அந்தோனிப்பிள்ளை."

"தம்பி வரேல்லையோ?" என்றேன்.

"எந்தத் தம்பி? நான்தான் கோல் கீப்பர். இது நெட்போல் இல்லையோ அண்ணை?"

என் பிழை அப்போதுதான் விளங்கியது. வலைப்பந்தாட்டத்தில் வளையத்தைக் காப்பவளுக்கும் அதே பெயர்தான். நானோ எந்த விளையாட்டு என்று எழுதவேயில்லை. என் புத்திக்கு விளையாட்டு என்றால் ஒன்றுதானே!

பரமேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐசே குலசேகரம், பத்துப் பேர்தானே? உங்கட அணிப் பேரை வெட்டுறன்."

வந்த கோபத்தில் அவருடைய கடிதத்தையே எடுத்து நீட்டினேன். "பழைய மாணவர் பதினொருவர் எண்டு நீங்கள்தான் எழுதியிருக்கிறியள். மாணவர் எண்டா ஆம்பிளை மட்டுமோ?"

அவர் இரண்டு தரம் வாசித்தார். "சரி, கோலுக்குள்ள நிக்கட்டும். மூண்டு பந்து அடிக்கிறன். ஒண்டைப் பிடிச்சாலும் எழுதுறன்."

"ஏலுமோ பிள்ளை?" என்று கேட்டேன்.

லூர்தம்மா கோல் கம்பங்களை அண்ணாந்து பார்த்தாள். "இவ்வளவு பெரிசோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய் நின்றாள்.

முதல் பந்து அவள் தலைக்கு மேலே சீறிக்கொண்டு போனது. எகிறி இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த பின், பந்தோடு நடக்கக் கூடாது என்ற வலைப்பந்து விதிப்படி ஓரடி நகராமல் நின்றாள். இரண்டாவது இடது மூலைக்குப் போனது. அங்கேயும் அவள் கை இருந்தது. மூன்றாவதைப் பரமேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். அதையும் பிடித்து, அரை மைதானம் தாண்டி நின்ற எங்கள் அருள்நேசனின் காலடிக்கே எறிந்தாள். அவன் பந்தை உதைக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருடம் பார்த்த ஆட்டங்களில் இப்படி ஒரு பிடியை நான் கண்டதில்லை.

பரமேஸ்வரன் பேனையைத் திறந்தார். "முழுப் பேரைச் சொல்லுங்கோ, தங்கச்சி."

நான் அவளிடம் ஓடினேன். "பள்ளிக்கூடத்து மாச் ஒண்டையும் நான் விட்டதில்லை, பிள்ளை. உம்மை எப்பிடிக் காணாமல் விட்டனான்?"

"நாங்கள் மதிலுக்கு அங்கால விளையாடினனாங்கள், அண்ணை. சின்னராசா, சின்னராசா எண்டு நீங்கள் கத்துறது எங்களுக்குக் கேக்கும். எங்கட பக்கம் ஒருத்தரும் வாறதில்லை."

எங்கள் பள்ளிக்கூடத்தை ஒருவரும் கண்டுகொள்வதில்லை என்று ஊரெல்லாம் சண்டை பிடித்தவன் நான். அந்த மதிலுக்கு அப்பால் ஒரு தரமாவது எட்டிப் பார்க்காதவனும் நான்தான்.

போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இந்த முறை வெல்வோம் என்று முதல் தடவையாக உண்மையாகவே நம்பினேன். அவள் பயிற்சிக்காகத் திரும்பப் போய்க் கோலுக்குள் நின்றாள். நான் கம்பத்துக்குப் பின்னால் போனேன்.

"லூர்தம்மா!" என்று கத்தினேன்.

"கேக்கேல்லை, அண்ணை," என்றாள், திரும்பாமலே.

தொண்டை கிழியக் கத்தினேன்.