பால் மறக்காத கிடேரி

பிப்ரவரிக் கடைசியில், நாற்பத்தொன்பதாவது வயதில், அக்கா ஃபுமியே கல்யாணம் செய்துகொண்டு ஒபிஹிரோ நகரத்துக்குப் போனாள். அன்றைக்கு எங்கள் பண்ணையில் கறவை மாடு அறுபத்திரண்டு, புட்டிப்பால் குடிக்கும் கன்று ஒன்பது, மனிதன் நான் ஒருத்தன்.

அப்பா இறந்ததிலிருந்து கறவை என் வேலை, கன்றுகள் அக்காவின் வேலை. எந்தக் கன்றுக்கு எப்போது பாலை நிறுத்துவது என்பதை அவள்தான் சொல்வாள். கன்றுக் குடிலுக்கு முன்னால் பனியில் குந்திக்கொண்டு, தீவன வாளியை எட்டிப் பார்ப்பாள். கன்றின் இடது விலாவுக்குப் பின்னால் கையை வைத்து அழுத்துவாள். "இது மறந்துடும்டா" என்பாள். இல்லையென்றால், "இன்னும் ஒரு வாரம் போகட்டும்." எதை வைத்துச் சொல்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. கிளம்பும் நாளில் மட்டும் பால் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாள். 'சேர்ந்தாற்போல மூன்று நாள், தினம் ஒரு கிலோ தீவனம் தின்றால் பாலை நிறுத்து. வயசைப் பார்க்காதே, கென்சாகு.'

நான் வயசைத்தான் பார்த்தேன். மார்ச் நடுவில் நானூற்றுப் பதினைந்தாம் எண் கன்றுக்கு ஆறு வாரம் முடிந்தது. ஒரு புட்டி குறைந்தால் காலையில் கால் மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டு, ஒரே நாளில் நிறுத்தினேன். கன்று வற்றிப்போனது. பிறகு இருமியது. பன்னிரண்டாம் நாள் வைக்கோலில் கழுத்தை நீட்டிப் படுத்தது, எழவில்லை.

ஞாயிறுதோறும் அக்கா போன் செய்வாள்.

"கன்னெல்லாம் எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"ஒண்ணொண்ணா சொல்லு."

நான் சொல்வேன். பதினைந்தை மட்டும் தாண்டிப் போவேன். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே வருவாள்.

அதன் பிறகு எந்தக் கன்றுக்கும் பாலை நிறுத்தக் கை வரவில்லை. மற்றவை தாமாகவே தீவனத்துக்குப் பழகி மறந்தன. நானூற்றுப் பதினேழு மட்டும் மறக்கவில்லை. நெற்றியில் பிறை போல வெள்ளை உள்ள கிடேரி. தீவனத்தில் ஒரு பிடி தின்றுவிட்டு, மிச்சத்தை மூக்கால் தள்ளும். நான் வேளைக்கு மூன்று லிட்டர் பால்மாவு கரைத்துக்கொண்டு போவேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். புட்டி காலியான பிறகும் அது என் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருக்கும். நான் பேசுவேன். சோறு வடிக்கும் குக்கர் மக்கர் பண்ணுவது, தொலைக்காட்சியில் யார் சுமோவில் தோற்றார்கள் என்பது, அப்படி ஏதாவது. நாளெல்லாம் என் குரல் எனக்குக் கேட்பது அந்தப் பத்து நிமிஷம்தான்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு மாட்டுக்குச் சினை பார்க்க மாட்டு டாக்டர் சிஹாரு வந்தாள். போகிற வழியில் குடிலருகே நின்றாள்.

"இதுக்கு என்ன வயசு?"

"பதினொரு வாரம்."

"இன்னும் புட்டியா! பள்ளிக்கூடத்துல எப்ப சேர்க்கப் போறீங்க?"

"தீவனம் திங்க மாட்டேங்குது டாக்டர்."

"ஆறு லிட்டர் பாலைக் குடிச்சவ எதுக்குத் திம்பா? தண்ணி எங்க?"

"பால்தான் குடிக்குதே."

"பால் பாலு, தண்ணி தண்ணி. தண்ணியில்லாம தீவனம் இறங்குமா? நீங்க காய்ஞ்ச ரொட்டியை அப்படியே முழுங்குவீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நிறுத்தினா செத்துடுமோன்னு..." என்றேன். இறந்த கன்று இருமியபோது மருந்து கொடுக்க வந்தவளும் அவள்தான். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அவசரப்பட்டீங்க, தப்பு. இன்னிக்கு விட மாட்டேங்கறீங்க, அதுவும் தப்புதான். சாயங்காலப் பாலை இன்னிக்கே நிறுத்துங்க. காலைப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. தீவனத்தை எடை போட்டு எழுதுங்க." வண்டியில் ஏறியவள் கண்ணாடியை இறக்கினாள். "கென்சாகு சான், கன்னுக்கு உங்க துணை வேணாம். இன்னொரு கன்னு போதும்."

அன்று சாயங்காலம் புட்டியில்லாமல் தண்ணீர் வாளியோடு போனேன். அது வாளியை முட்டிக் கவிழ்த்தது. மறுபடி நிரப்பி வைத்துவிட்டு, உட்காராமல் திரும்பினேன். கறவைக் கொட்டகை வரைக்கும் அதன் கத்தல் வந்தது. இரண்டாம் நாள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. மூன்றாம் நாள் இருநூறு கிராம் தின்றது. பிறகு நானூறு. எட்டாம் நாள் ஒரு கிலோ. மறுநாள் எழுநூறுக்கு இறங்கியது. அக்காவைப் போல இடது விலாவுக்குப் பின்னால் கை வைத்து அழுத்தினேன். உள்ளே தீவனம் நிறைந்து, பிசைந்த மாவுப் பை போலக் கனமாக இருந்தது. பாலைக் கூட்டாமல் விட்டுவிட்டேன். பத்தாம் நாள் ஒரு கிலோ நூறு. பதினோராம் நாள், பன்னிரண்டாம் நாளும் குறையவில்லை.

பதின்மூன்றாம் நாள், குறைத்துக்கொண்டே வந்த காலைப் புட்டியையும் நிறுத்தி, அதைப் பெரிய கன்றுகளின் பட்டியில் விட்டேன். முதலில் மூலையில் நின்றது. இரண்டு கன்றுகள் வந்து முகர்ந்தன. அரை மணி நேரத்தில் அவற்றோடு தொட்டிக்குள் தலையை நுழைத்துவிட்டது. "பதினேழு" என்று கூப்பிட்டேன். காது அசைந்தது, தலை திரும்பவில்லை. நல்லதுதான். நல்லதுதான் என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். சமையலறையில் கையைக் கழுவி நின்றபோது, அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

புதன்கிழமைதான். இருந்தாலும் ஒபிஹிரோவுக்குப் போன் போட்டேன். அத்தான் எடுத்தார். பஸ் ஓட்டுகிறவர்; கல்யாணத்தன்று வணக்கம் சொன்னதோடு சரி, எங்களுக்குள் பேச்சு இல்லை.

"ஃபுமியே நீச்சல் வகுப்புக்குப் போயிருக்கா."

அக்கா நீந்துவாள் என்பதே எனக்குப் புதிது. "பதினேழு பால் மறந்துடுச்சுன்னு சொல்லுங்க அத்தான்."

"பதினேழா? அந்த நெத்தியில பிறை இருக்கறதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்க சாப்பாட்டு மேசையில பேச்சே அதுதானே."

என்ன நினைத்தேனோ, சொல்லிவிட்டேன். "பதினைஞ்சு செத்துப்போச்சு அத்தான். மார்ச்லயே. அக்காகிட்ட சொல்லலை."

"அவளுக்குத் தெரியும்" என்றார். "விட்டுட்டு வந்தது ஒன்பது, நீ சொல்றது எட்டு. எண்ணத் தெரியாதவளா? நீயா சொல்லுவேன்னு ரெண்டு மாசமா காத்துட்டிருக்கா."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் ஏன் மாட்டிக்கணும்? ஏழரைக்கு வந்துடுவா. கறந்து முடிச்சிட்டு நீயே பண்ணு."

கறந்து முடித்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"என்னடா, இன்னிக்கு ஞாயிறா?" என்றாள்.

மார்ச் மாதத்திலிருந்து ஆரம்பித்தேன். அவள் திட்டவில்லை. என்றைக்கு இருமல் வந்தது, அன்றைக்கு எவ்வளவு குளிர், வைக்கோல் மாற்றினாயா என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். "நான் சொல்லிக் குடுத்திருக்கணும். ஒரு தாளை ஒட்டிட்டுக் கிளம்பிட்டேன்" என்றாள்.

திரும்பி வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போனை வைத்தபோது எட்டரை. மிஞ்சிய சோற்றில் பச்சைத் தேநீரை ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டேன்.