முன்னும் பின்னும் இல்லாத ட்ராம்

கதிர்காமு ஜேர்மனியில் ஒரு சிறிய நகரத்தில் ட்ராம் ஓட்டியவர். அங்கே புதிய வகைகள் பல ஓடினாலும், அவருக்குக் கடைசிவரை கொடுத்தது பழைய மஞ்சள் வகைதான். அதற்கு இரண்டு முனையிலும் சாரதி அறை உண்டு. கடைசித் தரிப்பில் ட்ராமைத் திருப்புவதில்லை. சாரதி மற்ற முனைக்கு நடந்து போவார், பயணிகள் இருக்கையின் சாய்வை மறுபக்கம் தள்ளிவிட்டு உட்காருவார்கள். அந்த வகையை நகரசபை கழித்து விற்றபோது, ஓய்வுபெற்று, யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருக்கும் சொந்த ஊரான புளியங்கூடலுக்குத் திரும்பிய கதிர்காமு ஒன்றை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார்.

"குசினிக்கு ஒரு அலுமாரி கேட்டனான்," என்றார் மனைவி சத்தியபாமா. "நீங்கள் ரயில் கோச்சி கொண்டு வாறியள்."

"கோச்சியில்லையப்பா, ட்ராம். வளவுக்கை நிக்கும். உள்ளுக்கை இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்."

"வீட்டுக்கை இருந்து குடிக்கேலாதோ?"

கதிர்காமு வளவை அளக்கப் போய்விட்டார்.

ட்ராம் வந்த நாளில், தரையை ஒட்டிய நீண்ட லொறியில் அதை ஏற்றிக்கொண்டு லொறிக்காரன் மரியநாயகம் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்தான். கதிர்காமு லொறியில் அவனுக்குப் பக்கத்தில் இருக்க மறுத்து, ட்ராமின் சாரதிக் கதிரையிலேயே இருந்துகொண்டார். வேலணையில் தாழ்ந்து தொங்கிய வயர் ஒன்றைத் தடியால் உயர்த்துவதற்காக லொறி நின்றது. பக்கத்துத் தரிப்பில் பஸ்ஸுக்குக் காத்துக் களைத்திருந்தவர்கள் மஞ்சள் வண்டியைப் பார்த்தார்கள். ஞானசவுந்தரி என்ற சுருவில்காரி ஒரு பலாப்பழத்தோடு முதலில் ஏறினாள்.

"அண்ணை, புளியங்கூடல் சந்தியிலை நிப்பாட்டுவியளோ?"

இது பஸ் இல்லை என்று சொல்லத்தான் கதிர்காமு வாயைத் திறந்தார். ஆனால் ஏறியவரை இறக்கிவிட்டு அவருக்குப் பழக்கமில்லை. "ஓம், உள்ளுக்குப் போங்கோ. கதவடியிலை நிக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் ஏறினார்கள். வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மரியநாயகம் எதையும் கவனிக்கவில்லை.

சரவணை என்ற ஊர் வந்ததும் கதிர்காமு அடுத்த தரிப்பின் பெயரை ஜேர்மன் மொழியில் அறிவித்தார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வல்லிபுரம் என்ற கிழவர் மட்டும், "சிங்களத்திலையும் சொல்லவேணும், அதுதான் சட்டம்," என்றார்.

புளியங்கூடலில் வீட்டு வாசலில் கிரேனும் சத்தியபாமாவும் காத்து நின்றனர். லொறி நின்றதும் பலாப்பழத்தோடு ஞானசவுந்தரி இறங்கி, "நல்ல சேர்விஸ் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் இன்னும் பலர் இறங்கினார்கள். மரியநாயகம் லொறியிலிருந்து குதித்து வந்து அவர்களைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணை, நான் சாமான் ஏத்தினனான் எண்டு நினைச்சன்."

வல்லிபுரம் இறங்கவில்லை. "நான் ஊர்காவற்றுறைக்கு ஏறினனான். நடுவழியிலை இறக்கேலாது."

"ஐயா, இது எங்கடை வீட்டுச் சாமான்," என்றார் சத்தியபாமா.

"பிள்ளை, நீரும் ஏறும். இடம் கிடக்கு."

அவரைப் பேசி இறக்கத்தான் சத்தியபாமா ஏறினார். உள்ளே ஜன்னலோரத்தில் நல்ல காற்று வந்தது. இருந்து பார்த்தார். இருக்கை மெத்தென்று இருந்தது. "மரியநாயகம் தம்பி," என்று கூப்பிட்டார், "ஊர்காவற்றுறை பெரிய தூரமோ? ஒருக்காப் போட்டு வருவம்."

கிரேன்காரன் மதில் நிழலில் சாய்ந்துகொண்டான்.

ஊர்காவற்றுறைத் துறையில் காரைநகரிலிருந்து ‘பாதை’ என்ற மிதவையில் கடல் கடந்து வந்தவர்கள் ட்ராமின் மறு முனையைக் கண்டார்கள். அங்கேயும் சாரதி அறை இருந்ததால், அது யாழ்ப்பாணத்துக்குப் புறப்படுகிறது என்று முடிவுகட்டி ஏறி, இருக்கைச் சாய்வுகளைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் பார்த்து இருந்தார்கள். வல்லிபுரமோ இறங்காமல் துறையைப் பார்த்தே இருந்தார். இறங்குகிற யோசனை அவருக்கு முதலிலிருந்தே இல்லை. சும்மா ஒரு சுற்று வரத்தான் ஏறியிருந்தார். புதிதாக ஏறிய ஒருவரும் அவரும் முழங்கால் முட்ட, இதில் எது முன்பக்கம் என்று சண்டை பிடித்தார்கள்.

"ரண்டு பேரும் வாயை மூடுங்கோ," என்றார் சத்தியபாமா. "இது புளியங்கூடல் மட்டும்தான். அங்காலை போறாக்கள் பஸ் பிடியுங்கோ. ஆருக்குச் சரியில்லையோ இப்பவே இறங்குங்கோ."

ஒருவரும் இறங்கவில்லை. கதிர்காமு தன் வேலைக்காலத்தில் இப்படி ஒரு கொண்டக்டரைக் கண்டதில்லை. மற்ற முனைக்கு நடந்து போகும்போது மனைவியைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். அவர் கவனிக்காதவர்போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் எல்லாரையும் இறக்கியாயிற்று என்றே கதிர்காமு நினைத்தார். கிரேன் ட்ராமைத் தூக்கியது. மதிலுக்கு மேலால் அது மஞ்சளாய்ப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை வைத்து ஒருவர் நித்திரை கொள்வது கீழே நின்ற மரியநாயகத்துக்குத் தெரிந்தது.

"அண்ணை, அக்கா மேலை."

கதிர்காமு கிரேன்காரனைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினார். கிரேன்காரன் கையை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தான். சத்தியபாமா கண் விழித்து, கீழே இளந்தென்னைகளின் தலைகளையும் தன் வீட்டுக் கூரை ஓடுகளையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு ஜன்னலைத் திறந்தார்.

"தம்பி, கிரேனை அவசரப்பட்டு இறக்காதையும். ஓட்டிலை ரண்டு இடம் உடைஞ்சு கிடக்கு, அதைப் பார்த்திட்டுச் சொல்லுறன்."