உரிய கவனத்தில் உள்ளது

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்த பெண்மணியை ஊரே பதிலம்மா என்றுதான் கூப்பிட்டது. வருகிற மனுக்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. பதினான்கு வருடமாக எழுதுகிறாள். அவள் மேசைக்கு வந்த எந்தக் காகிதமும் பதில் இல்லாமல் மூன்று நாளைத் தாண்டியதில்லை. அதற்குள் இரண்டு உறுப்பினர்கள் வந்து போய், மூன்றாவது ஐயா உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரும் வந்ததும் நாற்காலியை மாற்றினார்கள், திரைச்சீலையை மாற்றினார்கள். பதிலம்மாவை மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "தங்கள் கோரிக்கை உரிய கவனத்தில் உள்ளது, உரிய இடத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது." வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது. அதில் பொய்யும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. படிக்கிறவருக்குத் தன் காரியமாக யாரோ எங்கேயோ அலைகிறார்கள் என்று ஒரு தெம்பு வரும். நாளைக்கு அதைக் காட்டி யாரும் சட்டையைப் பிடிக்கவும் முடியாது. அந்த வாக்கியத்தை அவள் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துப் பூரித்தாள்.

போன தேர்தலுக்கு முன்னால் தொகுதி எல்லையைத் திருத்தினார்கள். வரைபடத்தில் யாரோ இழுத்த கோடு கிடங்குத் தெருவின் நட்டநடுவே போனது. இரட்டைப்படை வீடுகள் ஐயாவின் தொகுதியிலேயே இருந்தன. ஒற்றைப்படை வீடுகள் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டன. அங்கே ஜெயித்தவர் வேறு கட்சி, பல் டாக்டர், எல்லோருக்கும் டாக்டரம்மா. அந்த அலுவலகத்துக் குமாஸ்தா வேலைக்குப் புதுசு. கோப்புகளை ஒப்படைத்த அன்று பதிலம்மாவுக்குப் போன் செய்து, "மேடம், மனுவுக்கெல்லாம் நீங்க எப்படி பதில் போடுவீங்க? ஒரு மாதிரி அனுப்புங்களேன், உங்க பேரைச் சொல்லிப் பொழச்சுக்கறேன்" என்று கேட்டார். பதிலம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாக்கியத்தை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பிவைத்தாள்.

கிடங்குத் தெருவில்தான் அவளுடைய அக்கா இருந்தாள். தையல்காரி. குடியிருப்பு பதினேழாம் எண், கடை நேர் எதிரே இருபத்திரண்டாம் எண். அதாவது, அக்கா தூங்குவது டாக்டரம்மாவின் தொகுதியில், தைப்பது ஐயாவின் தொகுதியில். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது தெருவைக் கடப்பாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. தெருவின் மேற்கு முனையில் பெரிய கிடங்கு வந்த பிறகு வீட்டிலிருந்து கடைக்குக் கடக்கும்போது லாரிகள் அந்த இடது பக்கத்திலிருந்துதான் வந்தன.

பதிலம்மாவுக்கு அந்த ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அக்கா ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். மழையானாலும் வெயிலானாலும் அது மாறாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா பேச்சை எடுத்தாள். தைத்து முடித்த ஆறு சட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தபோது லாரி ஒன்று உரசிக்கொண்டு போயிருக்கிறது. சட்டைகள் சக்கரத்துக்கு அடியில். இன்னும் ஒரு முழம் இந்தப் பக்கம் வந்திருந்தால் அக்காவும்.

"கடை வாசல்ல ஒரு வேகத்தடை போடச் சொல்லேன். உங்க ஐயாகிட்ட ஒரு வார்த்தை."

"வீட்டு விஷயத்தை ஆபீசுக்குக் கொண்டுபோனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? முறைப்படி மனு எழுதிக் கொடுக்கா. உன் வீடு டாக்டரம்மா தொகுதி, அங்க கொடு. எல்லாம் தானா நடக்கும்."

சொன்னதில் தப்பில்லை என்றுதான் பதிலம்மா நினைத்தாள். சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டாதவள் என்று அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொண்டதில் உள்ளூரத் திருப்தியும் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து, வழக்கம்போலச் சாப்பாடு முடிந்ததும், அக்கா மேசையைத் துடைத்துவிட்டு ஒரு சட்டையைக் கொண்டுவந்து விரித்தாள். வெள்ளைச் சட்டை, முதுகில் குறுக்கே கறுப்பாகச் சக்கரத் தடம். அதன் மேல் இரண்டு கடிதங்களை வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எனக்கு ஒண்ணும் புரியல."

முதல் கடிதம் டாக்டரம்மாவின் அலுவலகத்திலிருந்து. "தங்கள் கோரிக்கை உரிய கவனத்தில் உள்ளது..." பதிலம்மாவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. குமாஸ்தா ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டாவது கடிதத்தை எடுத்தாள். அதே வாக்கியம். மேலே ஐயாவின் பெயர் அச்சிட்ட தாள். கீழே 'உறுப்பினருக்காக' என்று போட்டு, கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து இழுத்த ஒரு கையெழுத்து.

"அந்த ரெண்டாவது யாரோட கையெழுத்துன்னு தெரியல" என்றாள் அக்கா. "நீ அங்கதானே இருக்க. உனக்குத் தெரியுமே."

பதிலம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. நடந்தது அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. லாரி வருகிற கிடங்கு ஐயாவின் தொகுதியில் இருக்கிறது என்று சொல்லி டாக்டரம்மாவின் அலுவலகம் மனுவை இங்கே தள்ளியிருக்கிறது. மாற்றலாகி வரும் கட்டுகளில் மேல் தாளில் உள்ள தொகுதி எண்ணை மட்டும் பார்த்து, மனுதாரர் வேறு தொகுதி என்றால் வாக்கியத்தைப் போட்டு அனுப்புவது இவளுடைய பழக்கம். உள்ளே பிரித்தே பார்க்கவில்லை. உறையில் பேரும் விலாசமும் எழுதுவது அலுவலக உதவியாளர்.

"அக்கா, சத்தியமா நான் பேரைப் பாக்கல."

"தெரியும்டி. பாத்திருந்தா இப்படி எழுதியிருப்பியா? உன் அக்கான்னு ஓடியிருப்ப. அதான் எனக்குத் தாங்கல. உன் ஆபீஸ்ல அக்கா இல்லாதவங்க எல்லாம் எங்க போவாங்க?"

பதிலம்மா இரண்டு கடிதங்களையும் மடித்துச் சட்டையின் மேலேயே வைத்தாள்.

"அடுத்த வாரம் வராத" என்றாள் அக்கா, சட்டையை மடித்தபடி. "தையல் நிறைய கிடக்கு." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை பதிலம்மா அலமாரியைத் திறந்து, மாற்றலாகி வந்த கட்டுகளை எல்லாம் இறக்கினாள். கிடங்குத் தெரு என்று போட்டவற்றைத் தனியாக எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். பேரைப் படித்தாள். ரொட்டிக்கடைக்காரர். மாடிவீட்டு ஆசிரியை. கைக்குழந்தையோடு கடக்க முடியவில்லை என்று எழுதிய ஒரு பெண். நான்கு வருடத்தில் அதே வேகத்தடையைக் கேட்டு, அக்காவைத் தவிரப் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். பதினோரு பேருக்கும் மூன்று நாளைக்குள் பதில் போயிருந்தது. அவள் கைகள் கட்டின் மேல் அப்படியே கிடந்தன. வெட்கமாக இருந்தது, பிடுங்கித் தின்கிற வெட்கம்.

ஐயாவிடம் போய்ச் சொன்னாள். ஐயா நல்ல மனிதர்தான், ஆனால் தேர்தல் தேதி பத்து நாளில் அறிவிப்பார்கள் என்று பேச்சு. தேதி அறிவித்துவிட்டால் புது வேலை எதையும் தொடங்க முடியாது. அதற்குள் தலைக்கு மேல் வேலை அவருக்கு.

"அந்தப் பக்கம் நமக்கு ஒரு ஓட்டுக்கூட கிடையாதேம்மா. அப்புறம், பாதி ரோடு அவங்களோடது. நான் கையெழுத்துப் போட்டா, அடுத்தவன் வீட்டுல கை வச்சேன்னு கிளம்புவாங்க."

டாக்டரம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று பதிலம்மாவுக்குத் தெரியும். தெரு இரண்டு பேருடையது என்றால் யாருடையதும் இல்லை என்றுதான் அர்த்தம். அவள் மேசைக்குத் திரும்பி, அந்தக் குமாஸ்தாவுக்குப் போன் செய்தாள்.

"உங்க டாக்டரம்மா தொகுதி சுத்திப் பாக்கற திட்டம் யார் போடறது?"

"நான்தான் மேடம்."

"எங்க ஐயாவுக்கு நான்தான். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி. கிடங்குத் தெரு ஒத்தப்படை பக்கம். போட்டுருங்க."

"அன்னிக்கு வேற எடம் இருக்கே..."

"தம்பி, ஒரு வாக்கியம் கடன் வாங்கினீங்களே, ஞாபகம் இருக்கா?"

குமாஸ்தா ஒரு வினாடி யோசித்துவிட்டு, "நாலு மணி, எழுதிட்டேன்" என்றார்.

நாலு மணி என்று அவள் சும்மா சொல்லவில்லை. கிடங்கில் வேலை மாறுகிற நேரம். லாரிகள் வரிசையாகப் புறப்படும்.

வியாழக்கிழமை ஐயா இரட்டைப்படை பக்கம் கைகூப்பிக்கொண்டு வந்தார். எதிர்ப்பக்கம் டாக்டரம்மாவும் கைகூப்பிக்கொண்டு வந்தார். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு கொஞ்சம் அகலமானது. வேலி ஒன்றும் இல்லை, ஆனால் யாரும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. தையல் கடை வாசல் வந்தது. பூட்டியிருந்தது.

"ஐயா, அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் வந்துட்டுப் போகணும்."

"எதுக்கும்மா? அங்க ஓட்டு இல்லைன்னு சொன்னேன்ல?"

"ஓட்டு இல்லைங்க ஐயா. எங்க அக்கா இருக்கா."

ஐயா அவளைத் திரும்பிப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் வீட்டு விஷயம் ஒன்றை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. என்ன தோன்றியதோ, காலை எடுத்துச் சாலையில் வைத்தார். ஒரு லாரி. பின்வாங்கினார். மறுபடி வைத்தார். இன்னொரு லாரி. ஐந்து நிமிடம் அப்படியே போனது. வேட்பு மனுவில் மூன்று தடவை கையெழுத்துப் போட்ட ஆள் தன் தொகுதியின் விளிம்பில் நடை பழகும் குழந்தையாக நின்றார்.

அப்போதுதான் பதினேழாம் எண் கதவு திறந்து அக்கா வந்தாள். கை நிறையத் துணி. நேராகப் பார்த்துக்கொண்டு இறங்கினாள். இடது பக்கத்தில் ஒரு லாரி ஒலிப்பானை அலறவிட்டுக்கொண்டு வந்தது. இதைப் பதிலம்மா திட்டத்தில் போடவில்லை.

"ஏம்மா! நில்லு! நில்லு!" என்று கத்தியது ஐயாதான். அக்காவுக்குக் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற டாக்டரம்மா பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். டாக்டரம்மாவின் கைப்பை சாலையில் விழுந்தது. லாரி அதன் மேல் ஏறிப் போனது.



கடைசியில் கிடங்குக் காவலாளி கையைக் காட்டி லாரிகளை நிறுத்த, டாக்டரம்மா அக்காவின் கையை விடாமல் கடையைப் பார்த்து வந்தார். கடை திறந்தது. பதிலம்மா பையிலிருந்து சாலைத் துறைக்கு எழுதிய கடிதத்தை எடுத்துத் துணி வெட்டும் பலகையில் வைத்தாள். கூடவே பதினோரு மனுக்களும். இரண்டு உறுப்பினர்களும் சேர்ந்து கேட்பதாகக் கடிதம். பிரதி இரண்டு. ஒன்றில் ஐயாவின் பெயர் மேலே, மற்றதில் டாக்டரம்மாவின் பெயர் மேலே. யார் பெயர் முதலில் என்ற சண்டையில் நல்ல காரியங்கள் நின்றுபோனதை அவள் நிறையப் பார்த்திருந்தாள். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா தங்கையைப் பார்க்கவில்லை. தையல் இயந்திரத்தில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே பதிலம்மா சாலைத் துறைக்கு நேரில் போய்க் கொடுத்து உத்தரவை வாங்கினாள். அதற்கு அடுத்த நாள் தேர்தல் தேதி அறிவித்தார்கள். உத்தரவு வந்த அன்று சாயங்காலமே தெருவில் வேலையைத் தொடங்கிவிட்டதால் அது நிற்கவில்லை. மூன்றாவது வாரம் கிடங்குத் தெருவில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வேகத்தடை போட்டாயிற்று. இரண்டு கட்சித் துண்டறிக்கையிலும் அதன் படம் வந்தது, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்தது.

அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பதிலம்மா தன் வீட்டில் தனியாகச் சாப்பிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தடை போட்ட அன்று பதினோரு பேருக்கும் தன் கையாலேயே பதில் எழுதினாள், அக்காவுக்கும் எழுதினாள். "வேகத்தடை போட்டாகிவிட்டது. மனுவைப் படிக்காமல் முன்பு அந்தப் பதிலை எழுதியது நான்தான். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு." கையெழுத்தில் வாலைச் சுழிக்கவில்லை.

மூன்றாம் நாள் தபால் கட்டில் ஒரு காகிதம் வந்தது. இப்போதெல்லாம் அவள் முதலில் பேரைத்தான் பார்க்கிறாள். சட்டை வெட்டும் மாதிரித் தாளின் பின்பக்கத்தில், கோணல் கோணலாக, அக்காவின் எழுத்து:

"தங்கள் மன்னிப்பு உரிய கவனத்தில் உள்ளது, உரிய இடத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. ரெண்டு பக்கமும் பாத்துக் கடந்து வா."