மூன்றும் பச்சையா?

தணிகைமணி தன் விளையாட்டை யாருக்கும் காட்டியதில்லை. திருத்தணி ம.பொ.சி. சாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துவிட்டு வீடு திரும்பினால், உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதிலேயே உட்கார்ந்துவிடுவான். இரண்டு வருஷமாக இதுதான். மனைவி தீபா டீ கொண்டுவந்தால்கூட மானிட்டரை அணைத்துவிடுவான்.

"முழுசா முடிச்சிட்டு காட்றேன்" என்பான்.

2005-இல் முடித்தும்விட்டான். சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனி, திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டச் சொன்னது. போனில் பேசிய சூர்யநாராயணன் என்பவர் வைப்பதற்கு முன் கேட்டார்.

"வெளியாளுங்க யாராவது ஆடிப் பாத்தாங்களா?"

"நானே ஆயிரம் தடவை ஆடியிருக்கேன் சார்."

"அது கணக்குல வராது. உங்களுக்குத் தெரியாத ஒருத்தரை உக்கார வைங்க. பின்னால நின்னு பாருங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

இதெல்லாம் ஒரு சடங்கு என்றுதான் தணிகைமணி நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை சி.டி.யை எடுத்துக்கொண்டு சாய்கிருஷ்ணனின் பிரவுசிங் சென்டருக்குப் போனான். சாய்கிருஷ்ணன் பள்ளித் தோழன். அவன் அப்பாவும் அண்ணன்களும் மலைக்கோயில் மடப்பள்ளியில் இருக்க, இவன் மட்டும் கீழே கடை போட்டிருந்தான்.

அன்று நெட் வரவில்லை. மஸ்கட்டில் இருக்கும் கணவருக்கு மெயில் அனுப்ப கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த அம்சா என்ற பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

"நெட் வர்ற வரைக்கும் இத கொஞ்சம் ஆடிப் பாருங்கக்கா" என்று சாய்கிருஷ்ணன் அவளை உட்காரவைத்தான்.

விளையாட்டு எளியதுதான். மேலிருந்து நூல்கண்டுகள் விழும். ஒரே நிறத்தில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் மணி அடித்து மறைந்துவிடும். தணிகைமணி நெசவுக்காரர் வீட்டுப் பையன் என்பதால் தோன்றிய யோசனை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று படம் வரைந்திருந்தான்: முழுக்கண்டு, பாதி தீர்ந்தது, மெலிந்தது. ஒவ்வொன்றுக்கும் தன் கையால், தன் கண்ணால் பார்த்துப் பார்த்து நிறம் கொடுத்திருந்தான்.

அம்சா சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். மூன்று கண்டுகளை வரிசையாகச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னாங்க, மூணும் பச்சை. போவலையே?"

தணிகைமணி பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டான். அவை மூன்றும் வேறு வேறு நிறம். இதுகூடவா இந்த அம்மாவுக்குத் தெரியவில்லை?

அடுத்து விழுந்த கண்டு ஒன்று ஓரமாகப் போய் வேறு இரண்டின் பக்கத்தில் உட்கார்ந்தது. மணி அடித்தது. மூன்றும் மறைந்தன. அம்சா திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

"அய்ய! இது இன்னாத்துக்குப் போச்சு?"

அவனால் அடக்க முடியவில்லை. "அக்கா, அது மூணும் ஒரே கலருக்கா. பச்சை."

அம்சா நாற்காலியோடு திரும்பி அவனை முறைத்தாள். "கிண்டல் பண்றியா தம்பி? ஒண்ணு பச்சை, ஒண்ணு பழுப்பு, ஒண்ணு செங்கல் கலரு. எனக்குப் படிப்புதான் கம்மி, கண்ணு நல்லாத்தான் இருக்குது."

சாய்கிருஷ்ணன் சிரித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மணி, இன்னாடா இது? நிஜமாவே இத மூணும் பச்சைன்னு போட்டியா?"

மானிட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று தணிகைமணி சொன்னான். பக்கத்து மானிட்டரில் போட்டார்கள். அதிலும் அப்படியே. பிறகு அந்த மூன்று படங்களையும் திறந்து, எந்தெந்த வண்ணம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் எண்களைப் பார்த்தான். ஒன்றில் பச்சை அதிகம். ஒன்றில் சிவப்பு அதிகம். மூன்றாவதில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

எண்களைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். அவன் கண்ணுக்கு மூன்றும் ஒன்றாகவே இருந்தன. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தான். அம்சா கோபமெல்லாம் போய், "தண்ணி குடு அவருக்கு" என்றாள்.

இருபத்தாறு வயதுவரை தான் பார்த்ததெல்லாம் என்ன என்று அவனுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தீபாவைக் கூப்பிட்டு மானிட்டர் முன்னால் உட்காரவைத்தான். கண்டுகளைச் சேர்க்கச் சொன்னான். அவள் சற்று நேரம் ஆடிவிட்டு நிறுத்தினாள்.

"பாவா, நம்ம நிச்சயதார்த்தத்துக்குப் பச்சைப் பொடவைன்னு சொல்லி எடுத்துகினு வந்தியே..."

"ஆங்."

"அது மண் கலரு."

அவன் மானிட்டரிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தான்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் அந்தக் கலரு கேட்டேன்னு சொல்லிட்டேன். நீ வாய் தவறிப் பச்சைன்னு சொன்னேன்னு நெனச்சேன்." அவள் மானிட்டரைக் காட்டினாள். "இத ஒரு நாள் காட்டியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. கதவைச் சாத்திகினு இருந்தியே."

அறை வாசலில் அவன் அப்பா வீரபத்திரன் நின்றிருந்தார். தறியிலிருந்து எழுந்து வந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். தறிக்குத் திரும்பிப்போய் இரண்டு நூல்கண்டுகளைக் கொண்டுவந்து மகன் முன்னால் நீட்டினார்.

"இது இன்னா கலரு?"

"பச்சை நைனா."

"இது?"

தணிகைமணி உற்றுப் பார்த்தான். "அதுவும் பச்சைதானே?"

சின்ன வயதில் குறுக்கே ஓடும் ஊடை நூலில் நிறம் மாற்றிப்போட்டு ஒரு புடவையையே பாழாக்கினான் என்று அவனை அடித்து, தறிப்பக்கமே வரக்கூடாது என்று விரட்டியவர் அவர்.

"நீ வேணும்னே பண்றேன்னு நெனச்சிட்டேன்டா" என்றார். இரண்டு கண்டுகளையும் பிடித்தபடியே நின்றார். தணிகைமணிதான் அவற்றைக் கையிலிருந்து வாங்கி வைத்தான்.

மறுநாள் சூர்யநாராயணனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான்.

"வாயைத் திறந்தீங்களா?" என்று கேட்டார் அவர்.

"திறந்துட்டேன் சார்."

"இந்தத் தடவை பரவாயில்லை. சரி பண்ணிட்டு வேற ஆளை உக்கார வைங்க. அப்புறம் வாங்க, அவசரமில்லை."

உள்ளறைக் கதவு அதன்பிறகு திறந்தே கிடந்தது. தீபா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்டுக்கும் நிறம் எடுத்துக் கொடுத்தாள். தனக்கும் தன்னைப் போன்றவர்களுக்கும் அடையாளம் தெரிய, ஒரு கண்டில் மயில், ஒன்றில் மாங்காய், ஒன்றில் வேல் என்று அவன் குறி போட்டான்.

எல்லாம் சரியானபின் இருவருமாகப் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். பள்ளிக்கூட டீச்சர் மனோரமா ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். விளையாட்டின் முதல் படம் வந்தது. மனோரமா ரசித்துப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

தணிகைமணிக்கு அப்போதுதான் உறைத்தது. எதை அழுத்தினால் ஆட்டம் ஆரம்பிக்கும் என்று அவன் எங்குமே எழுதவில்லை. அன்று அம்சாவுக்குக்கூட சாய்கிருஷ்ணன்தான் ஆரம்பித்துக் கொடுத்திருந்தான். சொல்ல வாயெடுத்தவனின் கையைத் தீபா நறுக்கென்று கிள்ளினாள்.

"ஏம்ப்பா, இன்னும் லோடு ஆவுதா?" என்று கேட்டார் மனோரமா.

அதையும் எழுதிச் சேர்த்து, மலைக்கோயில் ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகுதான் அவன் சென்னை ரயில் ஏறினான். தீபாவும் கூடப் போனாள்.