ஏரியின் மேல் பத்து விநாடி

என் பைக்கின் தலைவிதி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஓர் ஏரியில் முடிவானது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் திருவண்ணாமலைக்குப் போகும் வழியில், புளியமர வளைவில் பைக்கோடு விழுந்தேன். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். செம்பட்டை நாய், ஒரு காது மடிந்திருந்தது என்றும் சொன்னேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஓவியா, "பேலன்ஸ் போயிடுச்சிப்பா, பைக்க வித்துடுங்க" என்று தினமும் போன் செய்தாள். இருபத்திரண்டு வருடமாக ஆபீசுக்கு அதில்தான் போகிறேன். பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் மச்சான் குமரேசன் லீவில் வந்தான். கோவாவில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் கட்டி இழுப்பது அவன் தொழில். மோட்டார் வைத்த ரப்பர் படகையும் காலில் மாட்டும் இரண்டு நீளப் பலகைகளையும் கூடவே கொண்டுவந்திருந்தான். படகு கயிறு கட்டி இழுக்கும். நாம் பலகைமேல் நின்றபடி தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வாட்டர் ஸ்கீயிங் என்றான்.

"பத்து செகண்ட் விழாம நின்னு வீடியோ அனுப்புங்கப்பா. அப்புறம் பைக்கப் பத்திப் பேசவே மாட்டேன்," என்றாள் ஓவியா.

முதல் தடவை மூக்கால் தண்ணீர் குடித்தேன். இரண்டாம் தடவை கால் ஒரு பக்கமும் பலகை ஒரு பக்கமும் போயின. மூன்றாம் தடவை ஒருவருடைய மீன்வலைக்குள் போய்ச் சேர்ந்தேன். அவர் திட்டியது நியாயம்தான்.

"தண்ணிக்குள்ள கருவேல முள்ளுக்கட்டை இருக்குமேடா?" என்று குமரேசனைக் கேட்டேன்.

"கரையோரம்தான் ஜாஸ்தி மாமா, நடுவுல கம்மி. நீங்க கைப்பிடிய மட்டும் வுடாதீங்க. இன்னா ஆனாலும் வுடாதீங்க."

கரையில் என் மனைவி வேதா கை ஆடாமல் போனைப் பிடித்து நின்றாள்.

ஏழாவது தடவை எழுந்து நின்றேன். தண்ணீர் காலுக்கடியில் தார் ரோடு போலக் கெட்டியாக ஓடியது. கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை வேதாவிடம் சொல்லவில்லை. வாய்விட்டு எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு. படகு பனைமர வரிசையைத் தாண்டித் திரும்பியது.

எதிரே மலை தெரிந்தது.

ஒன்பதாவது விநாடி என் இரண்டு கைகளும் தலைக்கு மேல் கூப்பியிருந்தன. "அண்ணாமலையாரே" என்றேன். கைப்பிடி தனியாகப் படகின் பின்னால் போனது. நான் கூப்பிய கையோடு, மெதுவாக, மரியாதையாகத் தண்ணீருக்குள் இறங்கினேன்.

நான் கரையேறுவதற்குள் வேதா வீடியோவை அனுப்பிவிட்டாள். போனும் வந்துவிட்டது.

"பேலன்ஸ் நல்லாத்தான் இருக்குப்பா. நாலு தபா பாத்தேன்," என்றாள் ஓவியா.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"அந்தப் புளியமர வளைவுலயும் மலை தெரியும் இல்லப்பா?"

நான் தலையைச் சாய்த்து மறுகாதில் புகுந்த தண்ணீரைத் தட்டினேன்.

"நாய்க்கு எந்தக் காது மடிஞ்சிருந்துச்சி?"

இடமா வலமா என்று நான் யோசிப்பதற்குள், கரையில் கழற்றிவைத்திருந்த என் சட்டைப் பையிலிருந்து வேதா பைக் சாவியை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் போனேன். நிற்கத்தான் இடம் கிடைத்தது. புளியமர வளைவு வந்ததும், கம்பியைப் பிடித்திருந்தவர்களில் பாதிப் பேர் கையை விட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். நானும்தான். யாரும் விழவில்லை. விழ இடமில்லை.